கைப்பந்து பிறந்த ஊர்

ஊருக்கு ஊர் ஒரு பெருமை உண்டு. திருநெல்வேலிக்காரர் அல்வாவைச் சொல்லுவார். மணப்பாறைக்காரர் முறுக்கைச் சொல்லுவார். கும்பகோணத்துக்காரர் வெற்றிலையில் ஆரம்பிப்பார். எங்கே முடிப்பார் என்று பிரம்மதேவனாலும் சொல்ல முடியாது. அமெரிக்க தேசத்தின் வடகிழக்கு மூலையில், மாஸச்சூஸெட்ஸ் மாகாணத்தில், ஹோலியோக் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்கு இரண்டு பெருமைகள். ஒன்று காகிதம், மற்றொன்று காற்றடைத்த பந்து. காகிதம் ஊரை விட்டுப் போய் வெகு காலமாகிவிட்டது. பந்து மாத்திரம் இன்னும் உலகத்தைச் சுற்றி வந்துகொண்டிருக்கிறது.

அந்தப் பந்தை நேயர்கள் எல்லோரும் அறிவார்கள். சாயங்கால வேளையில் எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தை எட்டிப் பார்த்தாலும் இரண்டு கம்பங்களும், நடுவில் தொய்ந்து தொங்கும் ஒரு வலையும், இரு பக்கத்திலும் கைகளை நீட்டிக்கொண்டு நிற்கும் மனிதர்களும் கண்ணில் படுவார்கள். கைப்பந்து என்றும் வாலிபால் என்றும் சொல்லுகிறோம். அது அன்னிய நாட்டிலிருந்து வந்த விளையாட்டு என்பது அநேகருக்குத் தெரியும். ஆனால் அது எந்த ஊரில் பிறந்தது, முக்கியமாக யாருக்காகப் பிறந்தது என்பது அவ்வளவு பேருக்குத் தெரிந்திராது. சென்ற கோடையில் மூன்று வாரம் அந்தப் பிரதேசத்தில் தங்க நேர்ந்தபோது நான் கண்டதையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

ஹோலியோக்கிலிருந்து அரை மணி நேரப் பிரயாணத்தில் என் மைத்துனர் குடியிருக்கிறார். கணினி சம்பந்தமான உத்தியோகம். வயது ஐம்பத்து நாலு. தலையில் வழுக்கையும் இடுப்பில் சற்றுச் சுற்றளவும் விழுந்திருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மாத்திரம் அவருக்கு இருபது வயது குறைந்துவிடும். அன்றுதான் அவர் வாலிபால் ஆடப் போவார். பதினோரு வருஷ காலமாக மழையையும் பனியையும் தவிர வேறு எதுவும் அவரைத் தடுத்ததில்லை என்று என் மனைவி சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் போய் இறங்கிய முதல் ஞாயிற்றுக்கிழமையோ அவர் வீட்டிலேயே உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, இன்றைக்கு ஆட்டம் இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது, அத்தான். ஆனால் நான் போய் என்ன செய்யப் போகிறேன்? நிற்பதற்கு இங்கேயே இடம் இருக்கிறதே!" என்றார்.

அவர் மகளும் பக்கத்தில்தான் இருந்தாள். பதினாறு வயதுப் பெண். "அப்பா, மாமாவுக்கு ஹோலியோக்கையாவது காட்டுங்கள். ஆட்டம்தான் போயிற்று, ஆட்டம் பிறந்த இடமாவது பார்க்கட்டும்" என்றாள். அந்தப் பேச்சில் ஏதோ கசப்பு இருந்தது. அது என்னவென்று பிற்பாடுதான் விளங்கிற்று.

ஹோலியோக்கைக் கட்டியது கனெக்டிகட் நதி. அந்த இடத்தில் நதி ஒரு பெரிய வளைவாக வளைந்து ஐம்பது அடிக்கு மேல் சரிந்து விழுகிறது. விழுகிற நீரைக் கண்டதும் பாஸ்டன் நகரத்துப் பணக்காரர்களுக்கு ஆலைகள் ஞாபகம் வந்தன. 1848-ம் வருஷம் நவம்பர் மாதம் ஆற்றின் குறுக்கே மரத்தால் ஓர் அணை கட்டி முடித்து, காலையில் கதவுகளை மூடினார்கள். அன்று பிற்பகலே அணை ஆற்றோடு போயிற்று! ஆனால் அந்த மனிதர்கள் மறு வருஷமே வேறோர் அணை கட்டி நிறுத்திவிட்டார்கள். 1900-ல் கல்லணை வந்தது. ஊருக்குள்ளே மூன்று படிகளாகக் கால்வாய்கள் வெட்டினார்கள். எல்லாம் சேர்த்து நாலரை மைல். ஒரு படியில் சக்கரத்தைச் சுற்றிய தண்ணீர் அடுத்த படியில் இறங்கி இன்னொரு சக்கரத்தைச் சுற்றும். அந்தத் தண்ணீரில் ஓடிய ஆலைகள் காகிதம் காகிதமாகச் செய்து குவித்தபடியால் ஊருக்குக் 'காகித நகரம்' என்றே பெயர் வந்தது.

முதலில் அயர்லாந்துக்காரர்கள் வந்தார்கள், பிறகு கனடாவிலிருந்து பிரெஞ்சு பேசுகிறவர்கள், பிறகு போலந்துக்காரர்கள். 1920-ல் அறுபதினாயிரம் ஜனங்கள் இருந்தார்கள். பின்பு ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 2020-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி முப்பத்தெட்டாயிரம் பேர்தான். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் போர்ட்டோ ரிக்கோத் தீவைப் பூர்விகமாகக் கொண்டவர்கள். செங்கல் கட்டடங்கள் கால்வாய் ஓரத்தில் வரிசையாக நிற்கின்றன. சிலவற்றில் ஜன்னல்கள் இருக்கின்றன. சிலவற்றில் ஜன்னல் இருந்த இடங்கள் இருக்கின்றன. மேற்கே டாம் மலை பச்சைப் பசேலென்று தெரிகிறது. வாழ்ந்து கெட்ட குடும்பத்துப் பெரிய வீட்டைப் பார்ப்பதுபோல் இருந்தது எனக்கு. ஆனால் தெருவில் குழந்தைகள் சிரித்துக்கொண்டு ஓடினார்கள். ரொட்டிக் கடையிலிருந்து நல்ல வாசனை வந்தது. வீடு கெட்டாலும் அடுப்பு அணையவில்லை.

கால்வாய்க் கரையில் ஒரு பூங்கா. அங்கே டுவைட் வீதியில் உள்ள ஒரு செங்கல் கட்டடத்தில்தான் சர்வதேச வாலிபால் புகழ் மண்டபம் இருக்கிறது. அதே கட்டடத்தில் குழந்தைகளுக்கான ஒரு காட்சிசாலையும், பக்கத்தில் மரக் குதிரைகள் சுற்றும் ராட்டினமும் உண்டு. குழந்தைகளின் கூட்டம் ராட்டினத்துக்கு. பெரியவர்களின் கூட்டம் காட்சிசாலையில் குழந்தைகளைத் தேடுவதற்கு. புகழ் மண்டபத்தில் நாங்கள் போனபோது எங்களைத் தவிர அதிகம் பேர் இல்லை. அதுவும் ஒரு விதத்தில் நல்லதாயிற்று. சாவகாசமாகப் பார்க்க முடிந்தது.

இந்த விளையாட்டைப் படைத்தவர் பெயர் வில்லியம் மார்கன். 1870-ம் வருஷம் நியூயார்க் மாகாணத்து லாக்போர்ட்டில் பிறந்தவர். ஹோலியோக்குக்குப் பத்து மைலுக்குள் இருக்கும் ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்தில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தாரின் பயிற்சிக் கலாசாலையில் படித்தார். அதே கலாசாலையில்தான் 1891-ம் வருஷம் டிசம்பர் மாதம் ஜேம்ஸ் நெய்ஸ்மித் கூடைப்பந்தைக் கண்டுபிடித்தார். பத்து மைல் சுற்றளவில், நாலே வருஷத்தில், உலகம் முழுவதும் ஆடும் இரண்டு விளையாட்டுகள் பிறந்திருக்கின்றன என்பதை நினைத்தால், அந்த மண்ணில் என்ன விசேஷமோ என்று தோன்றுகிறது. மண்ணில் ஒன்றுமில்லை, பனிக்காலத்தில்தான் விசேஷம். நாலைந்து மாதம் வெளியே தலை காட்ட முடியாத தேசத்தில் கூரைக்குள் ஆடுவதற்கு ஏதாவது வேண்டியிருந்தது.

மார்கன் 1895-ல் ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.யில் தேகப் பயிற்சி ஆசிரியராக இருந்தார். அவரிடம் பயிற்சிக்கு வந்தவர்களில் பலர் வியாபாரிகள், ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள்; இளமையைக் கடந்தவர்கள். வாலிபர்களுக்குக் கூடைப்பந்து சரியாக இருந்தது. இந்தக் கனவான்கள் அதை ஆடினால் முட்டிக்கொண்டார்கள், மூச்சு வாங்கிற்று. டென்னிஸ் நல்ல விளையாட்டுத்தான். ஆனால் ஒரே சமயத்தில் இரண்டு பேரோ நாலு பேரோதான் ஆடலாம். மட்டை வேறு வேண்டும். மார்கன் யோசித்தார். வலையை வைத்துக்கொண்டார்; மட்டையைத் தள்ளிவிட்டார். வலையை ஆறரை அடி உயரத்தில், சாதாரண மனிதனுடைய தலைக்குச் சற்று மேலே கட்டினார். கூடைப்பந்து கனமாயிருந்தது, அதன் உள் பையை மட்டும் எடுத்து அடித்தால் அது காற்றில் சோம்பேறித்தனமாக மிதந்தது. கடைசியில் ஸ்பால்டிங் கம்பெனியார் பக்கத்துச் சிகப்பி ஊர்த் தொழிற்சாலையில் புதிதாக ஒரு பந்து செய்து கொடுத்தார்கள். விளையாட்டுக்கு 'மின்டனெட்' என்று பெயர் வைத்தார்.

மறு வருஷம் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்த ஆசிரியர் மகாநாட்டில் அதை ஆடிக் காட்டினார்கள். கட்சிக்கு ஐந்து பேர். ஒரு கட்சிக்குத் தலைவர் ஹோலியோக் நகர மேயர். மற்றொரு கட்சிக்குத் தலைவர் அதே ஊரின் தீயணைப்புப் படைத் தலைவர்! சட்டை கசங்காமல் ஆடக்கூடிய ஆட்டம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. அதைப் பார்த்த ஹால்ஸ்டெட் என்னும் ஆசிரியர், பந்து இங்கும் அங்கும் தரையில் படாமல் பறப்பதைக் கண்டு, 'வாலிபால்' என்ற பெயரைச் சொன்னார். அதுவே நிலைத்தது.

அந்த முதல் சட்டங்களைப் படித்தால் எனக்கு அளவற்ற சந்தோஷம் உண்டாகிறது. எத்தனை பேர் ஆடலாம்? எத்தனை பேர் வேண்டுமானாலும் ஆடலாம், கணக்கில்லை. ஒரு பக்கத்தில் எத்தனை முறை பந்தைத் தொடலாம்? கணக்கில்லை. எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒருவர் சர்வீஸ் போடுகிறார், கை வலுவில்லை, பந்து வலையை எட்டாது போலிருக்கிறது. என்ன செய்வது? அவருடைய கட்சிக்காரர் ஒருவர் நடுவழியில் அந்தப் பந்தைத் தட்டி அந்தப் பக்கம் அனுப்பிவிடலாம். அதற்குச் சட்டமே இடம் கொடுத்தது!

என் மைத்துனரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "அத்தான், அந்தச் சட்டம் என்னைப் போன்றவனை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள். இந்த ஆட்டமே என்னைப் போன்றவனுக்குத்தான் ஏற்பட்டது. இப்போது அதில் எனக்கு இடமில்லை என்கிறார்கள்" என்றார்.

மறு ஞாயிற்றுக்கிழமை அவரைக் கட்டாயப்படுத்திக் கிளப்பினேன். ஊரின் பெயரும் கோஷ்டியின் பெயரும் வேண்டியதில்லை. நல்ல புல்தரைப் பூங்கா, ஓக் மரங்கள், இரண்டு வலைகள், இருபது பேர் வரையில் கூட்டம். போலந்துக்காரர், போர்ட்டோ ரிக்கோக்காரர், சீனர், பிரேசில்காரர், நம்மவர் நாலைந்து பேர். ஆசிரியர்கள், தாதிகள், தச்சர்கள், மாணவர்கள். காசு வாங்கிக்கொண்டு யாரும் ஆடவில்லை, கோப்பை கிடையாது. தோற்றால் நஷ்டமில்லை, ஜயித்தால் லாபமுமில்லை. இப்படிப்பட்ட இடத்தில் மனஸ்தாபம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். இங்கேதான் வரும். கோப்பை இருந்தாலாவது அதன்பேரில் பழி போடலாம்.

விஷயத்தைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் சட்டம் தெரியவேண்டும். எதிர்க்கட்சியிடமிருந்து சர்வீஸ் நம் பக்கம் வரும்போதெல்லாம் ஆறு பேரும் கடிகாரமுள் போல் ஓரிடம் நகரவேண்டும். 1912-ம் வருஷத்திலேயே இப்படி நகருவது சட்டமாகிவிட்டது. ஆறு பேர் என்பது 1918-ல் வந்தது. மூன்று முறைக்கு மேல் தொடக்கூடாது என்பது 1920-ல். இடம் மாற்றத்தின் நோக்கம் தெளிவானது. முன்னே நிற்கிறவன் முன்னேயே நிற்கக்கூடாது. பின்னே நிற்கிறவன் பின்னேயே கிடக்கக்கூடாது. எல்லோரும் சர்வீஸ் போடவேண்டும். எல்லோரும் வலைக்கு வரவேண்டும்.

ஆனால் இதில் ஒரு சந்து இருக்கிறது. சர்வீஸ் போடும் அந்த ஒரு கணத்தில் மட்டும் அவரவர் இடத்தில் இருந்தால் போதும். பந்து கையை விட்டுக் கிளம்பியதும் யார் எங்கே வேண்டுமானாலும் ஓடலாம். ஆகையால் தேர்ந்த கட்சிகள் ஓர் ஏற்பாடு வைத்திருக்கின்றன. பந்தை உயரத் தூக்கிக் கொடுப்பதற்கென்றே ஒருவர். நம் ஊரில் அவரை லிஃப்டர் என்போம்; அங்கே செட்டர் என்கிறார்கள். அவர் எங்கே இருந்தாலும் வலைக்கு ஓடி வருவார். அடிப்பவர்கள் அவரவர் மூலைக்கு ஓடுவார்கள். 1998 முதல் பின்வரிசையில் பந்து எடுப்பதற்கென்றே வேறு நிறச் சட்டையுடன் 'லிபரோ' என்று ஒருவரும் உண்டு. 1964-ல் டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயத்தில் வாலிபால் சேர்ந்தது முதல் இந்தக் கலை மேலும் மேலும் நுட்பமாகி வந்திருக்கிறது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது பரதநாட்டியம் போல் அவ்வளவு ஒழுங்காக இருக்கிறது.

அதை ஞாயிற்றுக்கிழமைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகிறது என்பதைத்தான் நான் பார்த்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்பு சில வாலிபர்கள் அந்தக் கோஷ்டியில் சேர்ந்தார்களாம். கலாசாலைக் கட்சிகளில் ஆடியவர்கள். நல்ல உயரம், நல்ல பலம், நல்ல சுபாவமும்கூட. அவர்கள் வந்ததும் வலை ஏறிற்று. ஆண்களின் பந்தய உயரமான இரண்டு மீட்டர் நாற்பத்து மூன்று சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய எட்டு அடி. மார்கன் கட்டிய வலையைவிட ஒன்றரை அடி அதிகம். பிறகு 'ஏற்பாடு' வந்தது. யார் செட்டர், யார் அடிப்பவர், யார் எந்த மூலை என்று பேசி முடிவு செய்தார்கள். அந்தப் பேச்சின் முடிவில் என் மைத்துனருக்குக் கிடைத்தது பின்வரிசையில் வலது மூலை. அவர் முன்வரிசைக்கு வரும் முறை வந்தாலும், சர்வீஸ் கிளம்பியதும், "பின்னால் போங்கள்" என்று கை காட்டுவார்கள். மரியாதையாகத்தான் காட்டுவார்கள்.

நான் ஓக் மரத்தடியில் உட்கார்ந்து எண்ணினேன். முதல் ஆட்டத்தில் பந்து அவர் இருந்த பக்கமாக ஏழு தடவை வந்தது. அவர் கையில் பட்டது ஒரே தடவை. மற்ற ஆறு தடவையும் யாராவது ஒருவர் எங்கிருந்தோ பாய்ந்து வந்து எடுத்தார்கள். நாலாவது தடவை பந்து நேராக அவர் மார்புக்கே வந்தது. அவர் இரு கைகளையும் சேர்த்து முழங்காலை மடக்கித் தயாராக நின்றார். நடுவிலிருந்து ஆறடி வாலிபர் ஒருவர், "என்னுடையது!" என்று கூவிக்கொண்டு குறுக்கே பாய்ந்தார். இருவரும் மோதிக்கொண்டார்கள். பந்து ஓக் மரத்துக்குப் போயிற்று. "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று ஒரு குரல் கேட்டது. மன்னிப்புக் கேட்டவர் மோதியவர் அல்ல. மோதப்பட்ட என் மைத்துனர்!

இதில் விசித்திரம் என்னவென்றால், இந்த ஏற்பாட்டினால் ஆட்டம் நன்றாக நடக்கவும் இல்லை. பந்தயக் கட்சிகள் வாரத்தில் பல நாள் பழகுகிறார்கள். இங்கேயோ போன வாரம் வந்தவர் இந்த வாரம் இல்லை. சர்வீஸ் கிளம்பியதும் ஆறு பேரும் ஆறு திசையில் ஓட, நடுவில் ஒருவருமில்லாத வெட்டவெளியில் பந்து தொப்பென்று விழும். உடனே, "அங்கே நீங்கள் அல்லவா நின்றிருக்க வேண்டும்?" என்று விசாரணை ஆரம்பமாகும். விசாரணைக்கு ஆகும் நேரத்தில் இரண்டு ஆட்டம் ஆடியிருக்கலாம்.

பெண்கள் விஷயம் இன்னும் மோசம். ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் பந்தயங்களுக்கு அந்தத் தேசத்தில் ஒரு விதி உண்டு. ஒரு பக்கத்தில் பந்தை ஒரு தடவைக்கு மேல் தொட்டால், அதில் ஒரு தடவையாவது ஒரு பெண் தொட்டிருக்கவேண்டும். பெண்களை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வதற்காக நல்ல எண்ணத்துடன் செய்த விதிதான். ஆனால் நடைமுறையில் அது எப்படி முடிந்தது? விதிக்கு ஒரு தொடுதல் வேண்டும். அதைப் பெண் தொட்டுக் கொடுக்கட்டும். அடிப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று முடிந்தது. மைத்துனர் மகள் பள்ளிக்கூடத்தில் நன்றாக அடிப்பவள். இங்கே ஆறு மாத காலம் அவளுக்கு ஒரு பந்துகூடத் தூக்கிக் கொடுக்கப்படவில்லையாம். "மாமா, கல்யாணத்தில் நாத்தனார் முடிச்சுப் போடுகிறாளே, அந்த மாதிரி. ஒரு தடவை தொடவேண்டும், பிறகு நகர்ந்து நிற்கவேண்டும்" என்றாள். அவள் போவதை நிறுத்தியதற்குக் காரணம் இதுதான்.

வாலிபர்களைத் திட்டி எழுதுவது சுலபம். நான் அவர்களில் ஒருவருடன் பேசிப் பார்த்தேன். மோதிய அதே வாலிபர்தான். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரியில் வாரத்தில் ஆறு நாள் வேலை. நாற்பது மைல் காரோட்டிக்கொண்டு வருகிறார். ஒருவர் பந்தை ஒழுங்காக எடுத்து, ஒருவர் ஒழுங்காகத் தூக்கி, தாம் ஒழுங்காக ஒரே ஒரு தடவை அடித்தால் அந்த வாரம் முழுவதும் மனம் லேசாயிருக்கிறது என்றார். "பந்து மூன்றாவது தொடுதலுக்கே வராவிட்டால் நான் எதற்கு வரவேண்டும்?" என்று கேட்டார். 1916-ம் வருஷ வாக்கில் பிலிப்பைன்ஸ் தீவுக்காரர்கள்தான் முதன் முதலில் பந்தை உயரத் தூக்கிக் கீழ்நோக்கி அறையும் வித்தையைக் காட்டினார்கள். அந்த அறையின் ருசியைக் கண்டவர்களுக்கு மார்கனுடைய தட்டுப் பந்து உப்பில்லாப் பத்தியம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவருடைய ஒரு வாரத்து மன அமைதிக்காக இன்னொருவருடைய பதினோரு வருஷத்து ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொள்ளலாமா? ஊரை விட்டு வந்தவனுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு பெரிது என்பது அந்த வாலிபருக்குத் தெரியவில்லை. அவர் பிறந்த ஊர் நாற்பது மைலில் இருக்கிறது.

இதே மாகாணத்தில், தொண்ணூறு மைல் கிழக்கே, பாஸ்டன் நகரத்துச் சீனர் பேட்டையில் இதற்கு நேர் மாறான ஒரு சம்பிரதாயத்தைக் கேள்விப்பட்டேன். அங்கே வாலிபாலைக் கட்சிக்கு ஒன்பது பேராக ஆடுகிறார்கள். தென் சீனத்து டாய்சான் ஜில்லாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த ஆட்டம். சலவைக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் உழைத்த அந்த மனிதர்கள் 1930-களில் சந்துகளிலும் வண்டி நிறுத்தும் இடங்களிலும் வலை கட்டி ஆடினார்கள். 1882 முதல் 1943 வரையில் சீனத் தொழிலாளிகள் வரக்கூடாது என்று அமெரிக்காவில் சட்டமே இருந்தது. குடும்பத்தை வரவழைக்க முடியாமல் தனியாகக் கிடந்தவர்களுக்கு அந்தத் தெருவும் பந்தும்தான் துணை. 1944-ல் பாஸ்டன் சீனர்களும் பிராவிடன்ஸ் நகரத்துச் சீனர்களும் ஆடிய போட்டி பிறகு பல ஊர்ப் பந்தயமாக வளர்ந்து, வருஷா வருஷம் செப்டம்பர் மாத ஆரம்பத்தில் தொழிலாளர் தின விடுமுறையில் நடக்கிறது.

ஒன்பது பேர் ஆட்டத்தில் இடம் மாறுவதே கிடையாது. முன்னே நிற்பவன் எப்போதும் முன்னே. பின்னே நிற்பவன் எப்போதும் பின்னே. ஆனால் ஒன்பது இடத்துக்கும் ஒன்பது வேலை உண்டு. பின்வரிசைக் கிழவர் பந்தை எடுத்தால்தான் முன்வரிசை வாலிபன் அடிக்கலாம். அவர் இடத்தில் யாரும் குறுக்கே பாய்வதில்லை. ஆகவே மனிதனைப் புண்படுத்துவது நிலையான இடம் அல்ல, வேலையில்லாத இடம் என்று எனக்குத் தோன்றிற்று. அங்கேயும் சச்சரவு இல்லாமலில்லை. ஆடுகளத்தில் நிற்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் முழுச் சீன வம்சத்தவராயிருக்க வேண்டுமென்றும், மற்றவர்களும் ஆசியராயிருக்க வேண்டுமென்றும் பந்தய விதி. தாய் ஒரு ஜாதியும் தந்தை ஒரு ஜாதியுமாகப் பிறந்த பிள்ளைகள் என்ன செய்வார்கள்? தங்களை வெளியே நிறுத்திய தேசத்தில் தங்களுக்கென்று ஒரு முற்றம் கட்டிக்கொண்டவர்கள், முற்றத்துக்கு வாசல் எவ்வளவு அகலம் வைப்பது என்று இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள். வெளியூர்க்காரன் அதில் தீர்ப்புச் சொல்வது முறையல்ல.

நமக்கும் ஸ்பிரிங்ஃபீல்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. அந்தக் கலாசாலையில் படித்த ஹாரி குரோ பக் என்பவர்தான் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. தேகப் பயிற்சிப் பள்ளியை ஏற்படுத்தினார். பிற்பாடு கல்லூரியாக வளர்ந்த அந்த ஸ்தாபனம் நந்தனத்தில் இருக்கிறது. அங்கே பயின்ற ஆசிரியர்கள் ஊர் ஊராகச் சென்று பிள்ளைகளுக்குப் பந்தும் விதிகளும் கற்றுக்கொடுத்தார்கள். நம் கிராமங்களில் விதிகளுடன் இன்னும் சில வழக்கங்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன. வலை யாருடையதோ அவர் வீட்டுப் பிள்ளை எங்கே நிற்க விரும்புகிறானோ அதுவே அவன் இடம். அவன் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தால் கோடு சரியாகப் போடவில்லை என்று அர்த்தம். ஆகையால் அமெரிக்க வாலிபர்களை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மைத்துனர் வழக்கத்துக்கு விரோதமாகச் சீக்கிரம் கிளம்பினார். முதல் நாள் இரவு வெகு நேரம் தூங்கவில்லையென்று அவர் மனைவி சொன்னாள். ஆட்டம் ஆரம்பிக்கு முன்பு எல்லோரையும் மரத்தடிக்கு அழைத்து ஐந்து நிமிஷம் பேசினார். பதினோரு வருஷத்தில் அவர் அங்கே பேசிய முதல் பிரசங்கம் அது. கோபமாகப் பேசவில்லை. இரண்டு வலை இருக்கின்றன. முதல் ஒரு மணி நேரம் ஒரு வலையைத் தாழ்த்திக் கட்டுவோம். அதில் சட்டப்படி எந்த இடம் வருகிறதோ அந்த இடத்திலேயே ஆடுவோம். ஓடி மாறுவது கூடாது. பிறகு எப்படி வேண்டுமானாலும் ஆடுங்கள் என்றார். அவ்வளவுதான். ஒரு வாலிபர், "அப்படியானால் நான் ஒரு மணி நேரம் கழித்தே வருகிறேன்" என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார். தச்சு வேலை செய்யும் போலந்துக்காரர், "இதை நான் இரண்டு வருஷமாகச் சொல்ல நினைத்தேன்" என்றார். கை தூக்கச் சொன்னபோது பாதிக்கு மேல் தூக்கினார்கள். மோதிய வாலிபர் தூக்கவில்லை. ஆனால் காருக்கும் போகவில்லை. வலையின் கயிற்றை அவிழ்த்துத் தாழ்த்தியவர் அவரேதான். கைக்கு எட்டுகிறவர் அவர் ஒருவர்தானே!

அந்த ஒரு மணி நேரத்தில் உயர்ந்த ரக ஆட்டம் எதுவும் நடக்கவில்லை. பந்து வலையில் விழுந்தது, மரத்தில் விழுந்தது, ஒரு தடவை ஒரு பாட்டியம்மாளின் காப்பிப் பாத்திரத்தில் விழுந்தது. மைத்துனர் மகள் முன்வரிசைக்கு வந்தபோது அந்த வாலிபர் செட்டர் இடத்தில் இருந்தார். பந்தை எடுத்து ஒரு கணம் தயங்கினார். பிறகு அவளுக்கே உயரத் தூக்கிக் கொடுத்தார். அவள் தாவி அடித்தாள். பந்து வலையின் மேல் நாடாவில் பட்டு எங்கள் பக்கமே விழுந்தது. "இன்னொன்று" என்றார் அவர். அடுத்ததும் வலையில் விழுந்தது. மூன்றாவதை எதிர்க்கட்சியில் யாரும் தொட முடியவில்லை.

"அத்தான், நீங்களும் வாருங்கள்!" என்று மைத்துனர் கூப்பிட்டார்.

"ஆறு பேர் இருக்கிறீர்களே?" என்றேன்.

"ஏழாவதாக நில்லுங்கள். இங்கே பிறந்த ஆட்டம்தானே!" என்றார்.

செருப்பைக் கழற்றி ஓக் மரத்தடியில் வைத்துவிட்டுப் போனேன். வலது மூலையில் இடம் கொடுத்தார்கள். அடுத்த சர்வீஸ் நேராக என்னிடமே வந்தது. யாரும் குறுக்கே பாயவில்லை.